பள்ளி கட்டச் சொன்ன சட்டமும் பிள்ளையை அனுப்பச் சொன்ன சட்டமும்

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்த அன்பர்களுக்கு ஒரு காட்சி நன்கு நினைவிருக்கும். லயங்கள் முடியும் இடத்தில் மாரியம்மன் ஆலயம். அதனை அடுத்து, பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஓரறைத் தமிழ்ப்பள்ளி. பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் எழும்புமுன் ஆலய மண்டபமே வகுப்பறையாகப் பயன்பட்ட தோட்டங்களும் உண்டு. ஆலயத்தை எழுப்பியவர்கள் தொழிலாளர்களே. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஆனால், அருகிலிருந்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் சட்டத்தின் வற்புறுத்தலால் தோன்றியதாகும். அச்சட்டம் எதனைக் கட்டளையிட்டது, எதனைக் கூறாமல் விட்டது என்பதை ஆராய்ந்தால், இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டுக்குக் கொண்டுசெல்வது மரபு. பாதிரியார் ஹட்சிங்ஸ் அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பொன்று நடைபெற்றது. எனினும் அது நகரத்து முயற்சி, நெடுநாள் நீடிக்கவுமில்லை. கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்க் கித்தாத் தோட்டங்களுக்கும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய தொழிலாளர் குடும்பங்களை அது எட்டவில்லை.

கல்வியைக் கட்டாயமாக்கும் எண்ணம் அந்நாளில் ஆங்கிலேயருக்குப் புதியதன்று. தம் சொந்த நாட்டில் அவர்கள் 1870ஆம் ஆண்டில் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றினர். 1880ஆம் ஆண்டில் ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் பள்ளி செல்வதைக் கட்டாயமாக்கினர். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் செல்லும் அலுவலர்களும் அங்கே இருந்தனர். மலாயாவிலும் 1890களின் தொடக்கத்தில் மலாய்ச் சிறுவர்களின் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கும் விதி சிலாங்கூரில் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர்கள் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தில்கூட, கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கியது. ஆக, வழி தெரியாமல் எவரும் திகைத்து நிற்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் முறை வந்தபோதுதான் சட்டம் வேறு வழியில் சென்றது.

அந்த வழி, கல்விச் சட்டம் அன்று, தொழிலாளர் சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அதனை விரிவாக்கிய 1923ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதற்கு அடிப்படையாகும். ஒரு தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்பது அவற்றின் சாரம். குடிநீர், குடியிருப்பு, மருத்துவமனை ஆகியவை பற்றிய விதிகளோடு பள்ளியும் ஒரு விதியாயிற்று. பள்ளியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிய வகையில் இதனை ஒரு முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். இவ்விதி இல்லாதிருந்தால் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் எழுத்தறிவுக்கே இடமிருந்திராது.

ஆனால் அக்கடமை கட்டடத்தோடு நின்றுவிட்டது. ஆசிரியர் எத்தகைய தகுதியுடையவராக இருக்க வேண்டும், எந்த வகுப்புவரை கற்பிக்க வேண்டும் என்பவை கண்டிப்பாக வரையறுக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை அப்பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என எவருக்கும் கட்டளையிடப்படவில்லை. பள்ளி இருந்தது, வருகை கட்டாயமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, ஆயாக்கொட்டகைப் பொறுப்பாளரோ ஆசிரியர் என்ற பெயரில் அமர்த்தப்பட்ட இடங்கள் பல. பின்னாளில் அரசாங்கம் சராசரி வருகையைக் கணக்கிட்டு மானியம் வழங்கத் தொடங்கிய பிறகே வருகைப் பதிவேட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது. அதுவும் பணம் தந்த மதிப்புத்தான்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை? இக்கேள்விக்குத் 'தமிழ்ப் பெற்றோருக்குக் கல்வியில் நாட்டமில்லை' என்ற விடையே அக்கால அறிக்கைகளில் பலமுறை காணப்படுகிறது. இன்றும் சிலர் அதனைத் திருப்பிக் கூறுவதுண்டு. இவ்விடை எளிதானது, ஆயினும் நேர்மையானதன்று. தோட்டத்தின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் போதும். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தாயும் தந்தையும் பால்மரக் காட்டுக்குள் சென்றுவிடுவர். பால் வெட்டுவது குளிர்ந்த காலைப் பொழுதில்தான் நடைபெற வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மங்கு துடைக்கவும், கட்டிப் பால் பொறுக்கவும், வாளி தூக்கவும் பத்து வயதுப் பிள்ளையின் கை பெரிதும் உதவியது. பள்ளி நடைபெற்றதும் அதே காலைப் பொழுதில்தான். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. இக்கூலியில் வாழ்ந்த குடும்பம் பிள்ளை கொண்டுவரும் சில காசுகளைத் துறந்து அவனைப் பலகையின்முன் உட்கார வைப்பது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்த பெண்பிள்ளையின் படிப்பு அன்றோடு முடிந்தது. தோட்டத்து வருகைப் பதிவேடுகளில் முதலில் மறைந்தவை பெண்பிள்ளைகளின் பெயர்களே.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையால் நிர்வாகத்திற்கு எந்த இழப்புமில்லை. மலிவான வேலைக் கரம் ஒன்று கிடைத்தது. பள்ளி கட்டியதால் சட்டமும் நிறைவேறிவிட்டது. இவ்வாறு இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்திப் போனதால், வருகையைக் கட்டாயமாக்கும்படி முதலாளிமார் சங்கங்கள் கேட்கவில்லை என்பதில் வியப்பேதுமில்லை. இந்திய அரசின் பிரதிநிதியாக மலாயாவில் பணியாற்றிய ஏஜெண்டுகள் தம் ஆண்டறிக்கைகளில் தோட்டப் பள்ளிகளின் நிலையைக் குறிப்பிட்டு வந்தனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்நாட்டிற்கு வந்து தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்து மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டார். 1938ஆம் ஆண்டில் உதவியுடன் கூடிய தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. இவை யாவும் கூலியையும் நடத்தும் முறையையும் பற்றிய கேள்விகளைப் பெரிதாக்கின. பிள்ளையின் பள்ளி வருகை அக்கேள்விகளின் நிழலிலேயே நின்றது.

போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாமல் போயினர். தந்தையை இழந்த வீடுகளில் பள்ளியைப் பற்றிப் பேச எவருமில்லை. அதன்பின் 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் தொடங்கியது.

போருக்குப் பின் கல்வி பற்றிய அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசத் தொடக்கக் கல்வியைப் பரிந்துரைத்தது. ஆனால் அது முன்வைத்தவை மலாய், ஆங்கில மொழிகளில் இயங்கும் தேசியப் பள்ளிகள். எனவே தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் என்ன என்ற கவலையே சமூகத்தில் மேலோங்கியது. அது நியாயமான கவலையுமாகும். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. விடுதலை பெற்ற அவ்வாண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தையும் தொடர்ந்து தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது.

கட்டணம் போயிற்று, கதவு ஒன்று அப்படியே இருந்தது. ஆறாம் வகுப்பின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டு வந்தது. அதில் தேறாத பெரும் பகுதியினர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டனர். வேலைக்குச் செல்லும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை, பள்ளியிலும் இடமில்லை. 1964ஆம் ஆண்டில் அத்தேர்வு கைவிடப்பட்டு, 1965 முதல் எல்லா மாணவரும் மூன்றாம் படிவம் வரை படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கோ முதலாம் படிவத்திற்கு முன்னால் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு நின்றது. பயிற்றுமொழி மாறுவதற்கான ஆயத்த ஆண்டு அது. அதன் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஆயினும் தோட்டத்தை விட்டு முதன்முறையாகப் பேருந்தேறி நகரத்துப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தன் வயதினரைவிட ஒரு வகுப்பு பின்தங்கி, புரியாத மொழியில் அமர்ந்திருந்தான் என்பதையும் மறத்தலாகாது. மட்டம் போடுதல், இன்றைய மாணவர் நாவில் 'பொந்தேங்', இவ்விடத்தில்தான் பல குடும்பங்களுக்கு அறிமுகமாயிற்று. தொடக்கப்பள்ளியில் வீட்டின் தேவைக்காகப் பிள்ளை நிறுத்தப்பட்டான். உயர்நிலைப் பள்ளியில் தானாகவே நின்றான். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினும், காரணங்கள் வேறு.

இதற்கிடையில் தோட்டங்களே ஆட்டம் கண்டன. விடுதலைக்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்க 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கியது யாவரும் அறிந்ததே. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கிடைக்காது என்ற அச்சத்தில் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பின்னர் கித்தா செம்பனைக்கு இடம்விட்டது. 1980கள் தொடங்கி நகருக்கு அருகிலிருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. குடும்பங்கள் புறம்போக்கு நிலங்களுக்கும் மலிவு அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தன. ஆண்டின் நடுவில் பெயர்ந்த பிள்ளையின் பெயர் பழைய பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். புதிய இடத்தில் பிள்ளையைக் கேட்பாரிருக்கமாட்டார்.

வருகையைப் பெருக்கியவை எவை என்று பார்த்தால், அக்காலத்தில் அவை தண்டனைச் சட்டங்கள் அல்ல. 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கமர்த்துவதைச் சில விலக்குகளோடு தடை செய்தது. இவ்வயது வரம்பு 2010ஆம் ஆண்டின் திருத்தத்தால் பதினைந்தாக உயர்ந்தது. 1975ஆம் ஆண்டில் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வறிய மாணவர்களுக்குக் கூடுதல் உணவு வழங்கும் திட்டமும் வந்தது. வீட்டில் காலை உணவின்றிப் புறப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியில் ஒருவேளை உணவு உறுதி என்ற செய்தி, எந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டிலும் விரைவாக லயங்களில் பரவியது. 1959ஆம் ஆண்டின் பள்ளி ஒழுங்கு விதிமுறைகளின்கீழ், தொடர்ந்து வராத மாணவனின் பெற்றோருக்குக் கடிதங்கள் படிப்படியாக அனுப்பப்பட்டு, இறுதியில் அவன் பெயர் நீக்கப்படலாம். பள்ளிக்கு வராததற்குத் தண்டனை பள்ளியை விட்டு நீக்குவது! மட்டம் போடும் மாணவன் அதனைத் தண்டனையாக எண்ணினானா என்பது வேறு கேள்வி.

கட்டளை பெற்றோர்மேல் விழுந்தது 21ஆம் நூற்றாண்டில்தான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 29ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பள்ளியாண்டின் சனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைவடைந்த பிள்ளையை அவ்வாண்டிலேயே பள்ளியில் சேர்த்து, தொடக்கக் கல்வி முடியும்வரை மாணவனாக வைத்திருப்பது, இந்நாட்டில் வாழும் மலேசியக் குடிமக்களான பெற்றோரின் கடமை. தவறினால் ஐயாயிரம் வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ, ஆறு மாதத்திற்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வியப்பான ஒற்றுமை என்னவெனில், சிங்கப்பூரிலும் 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம் இதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கே அபராதம் ஐயாயிரம் சிங்கப்பூர் வெள்ளி வரை. சிறை பன்னிரண்டு மாதம் வரை. வீட்டிலேயே கற்பிப்போர் விலக்குப் பெறலாம். ஆனால் அப்பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை எட்ட வேண்டும்.

1912இலிருந்து 2003 வரை எண்ணினால் தொண்ணூற்றோராண்டுகள். அவ்வளவு காலம் கழித்து வந்த இச்சட்டத்திலும் இரண்டு இடைவெளிகள் இருந்தன. ஒன்று, கட்டாயம் ஆறாம் ஆண்டோடு முடிந்தது. தமிழ்ப் பிள்ளைகள் மிகுதியாக நழுவிய புகுமுக வகுப்பும் கீழ்ப்படிவங்களும் அதற்கு வெளியே நின்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டில் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியபோதுதான் இவ்விடைவெளிக்கு விடை பிறந்தது.

மற்றோர் இடைவெளி பத்திரங்கள் பற்றியது. பிள்ளையை அனுப்பப் பெற்றோர் விரும்பியும் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாததால் பள்ளி வாயிலில் தடைப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே இருந்தனர், இன்னும் இருக்கின்றனர். 2011ஆம் ஆண்டில் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியரின் அடையாளப் பத்திரச் சிக்கல்களுக்கெனத் தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பின், குடியுரிமையற்ற பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கும் நடைமுறை 2019 முதல் தளர்த்தப்பட்டது.

இச்சிக்கல்களின் ஒரு வேர் ஆலயத்தின் மண்டபத்திலேயே உள்ளது என்பதை ஆலய அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் மரபுப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவு செய்யப்பட்டவையாகவே கருதப்படுகின்றன. அந்நாளுக்குப் பின் அவ்வாறு அன்று. அக்கினி வலம் வந்து, தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்தினாலும், பதிவு இல்லையேல் சட்டத்தின் கண்ணில் அது திருமணமாகாது. அத்தகைய தம்பதியர்க்குப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை, கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, தாயைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தாய் வெளிநாட்டவராகவோ, தாமே பத்திரமற்றவராகவோ இருந்துவிட்டால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. பின்னர்த் திருமணத்தைப் பதிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். முன்னரே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அது தானாகக் குடியுரிமையைத் தருவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அவ்விண்ணப்பமும் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தோருக்கே உரியது.

ஆலயக் குருக்களையோ பொறுப்பாளரையோ துணைப் பதிவாளராக நியமித்து, ஆலயத்திலேயே திருமணத்தைப் பதியவும் அதே சட்டம் இடமளித்துள்ளது. அத்தகைய நியமனம் பெற்ற ஆலயங்களில் முகூர்த்த நாளன்றே பதிவும் முடிந்துவிடுகிறது. நியமனம் பெறாத ஆலயங்களில், திருமணத்திற்கு மண்டபம் கேட்டு வருவோரிடம் நிர்வாகம் முதலில் தேசியப் பதிவுத் துறையின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதன் நகலைக் கோப்பில் வைத்த பின்னரே நாள் குறித்துத் தருகிறது. 'சாமி முன்னால் தாலி கட்டக் காகிதம் எதற்கு?' என்று மணவீட்டார் வருத்தப்படுவதுண்டு. ஏழாண்டு கழித்துத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதத்தின் வழியாக வந்த மற்றொரு காகிதமே.